போனவர் வரக் கூடாது

தொற்று பரவிய இரண்டாம் வருடம் விடுமுறைக்கு ஊருக்குப் போன மாணவிகள், போன அன்று சாயங்காலமே மகளிர் விடுதியின் சாப்பாட்டு அறையில் தட்டும் கையுமாக வரிசையில் நின்றார்கள். யாரும் திரும்பி வந்திருக்கவில்லை. வாசல் கதவு மத்தியானம் பூட்டியது பூட்டியபடி இருந்தது. சாவி வார்டனின் இடுப்பில் இருந்தது. அதே நேரத்தில் அவரவர் வீட்டிலும் அதே பெண்கள் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள், அம்மாக்கள் இப்படி இளைத்துவிட்டாயே என்று அங்கலாய்த்துக்கொண்டிருந்தார்கள். பரிமாறுகிறவர் நீட்டிய தட்டைப் பார்த்தார், தட்டைப் பிடித்திருந்தவளைப் பார்த்தார், “நீ ஊருக்குப் போகலையாம்மா?” என்றார். “போயிட்டேனே” என்றாள் அவள். மேற்கொண்டு கேட்க அவருக்குத் தெம்பு இல்லை. அந்த வருடம் எதைப் பற்றியும் மேற்கொண்டு கேட்க யாருக்கும் தெம்பு இருக்கவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. போன வாரத்துத் தாளின் பசை காய்வதற்குள் அதன் மேலேயே புதியதை ஒட்டியதில் அறிவிப்புப் பலகை தலையணை மாதிரி தடித்துப்போயிருந்தது. நடைபாதையில் முகக்கவசம், குழாயடியில் இரண்டு கை இடைவெளி, மேசைக்கு ஒருத்தி, அதுவும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். விடுமுறைக்கென்று வந்த விதிதான் எல்லாவற்றிலும் சின்னது: போனவர் வரக் கூடாது, இருப்பவர் போகக் கூடாது. ஊருக்குப் போகிறவள் பரிசோதனை முடித்துப் போய், மிச்சப் பாடத்தை வீட்டிலிருந்தே கைப்பேசியில் படித்து, அடுத்த பருவம் தொடங்கும்போதுதான் விடுதிப் பக்கம் எட்டிப் பார்க்கலாம். இருக்கிறவள் அதுவரை வாசலைத் தாண்டக் கூடாது. இரண்டில் எது என்பதை ஒவ்வொருத்தியும் வாசலில் வார்டனிடம் வாயால் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்கினால் ஒரே பேனா பல கை மாறுமே என்று பயந்த பல்கலைக்கழகக் குழு, பல மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு எடுத்த முடிவு அது. பேனாவுக்குப் பயந்தவர்கள் வாயைப் பற்றி யோசிக்கவில்லை.

வார்டனைப் பெண்கள் காய்ச்சல் மேடம் என்று கூப்பிட்டார்கள். எந்நேரமும் வெப்பமானியும் கையுமாக எதிரில் வருகிறவள் நெற்றியைக் குறிபார்த்துக்கொண்டிருந்ததால் வந்த பெயர். தொற்று தொடங்கியபோது ஒரு வாரத்துக்குத்தான் என்று சொல்லி அவளை விடுதியிலேயே தங்க வைத்தார்கள். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. நகரத்தின் மறுகோடியில் அவள் வீட்டில் பேருந்து ஓட்டுநரான கணவரும், பள்ளிக் கடைசி வருடம் படிக்கும் மகளும் இருந்தார்கள். விடுமுறை விட்ட அன்று காலையிலிருந்து வாசலில் நின்று, “போறியா, இருக்கியா?” என்று கேட்டுக் கேட்டு அவளுக்கு நாக்கு வறண்டுவிட்டது. பெட்டியோடு வந்த ஒவ்வொருத்தியும், “போயிட்டு வரேன் மேம்” என்றாள். வாசலில் நின்றுகொண்டு மொட்டையாக ‘போறேன்’ என்று சொல்ல எந்த நாக்குக்கு மனசு வரும்? அவளும் வாய் தவறியல்ல, வாய்ப்பழக்கத்தில், “பத்திரமா போயிட்டு வா” என்றாள். கணக்கு படிக்கும் ஒரு பெண் மட்டும்தான் விதிவிலக்கு. எதிலும் சொல் பிசகாதவள் என்பதால் தோழிகள் அவளுக்குக் கறார் என்று பெயர் வைத்திருந்தார்கள். “வரக் கூடாதுன்னுதானே மேம் விதி? அப்ப போறேன்” என்று சொல்லிவிட்டு அவள் ஆட்டோவில் ஏறினாள். காவலாளி காதைப் பொத்திக்கொண்டார்.

இப்படியாக மற்ற எல்லோரும் போகவும் செய்தார்கள், வரவும் செய்தார்கள். இரண்டு இடத்தில் இருப்பது வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதிர்ஷ்டமாகத் தெரியலாம். அதில் அலுப்புதான் இரட்டிப்பாக இருந்தது. வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டவள் விடுதியில் ஏப்பம் விட்டாள். வீட்டில் அப்பாவிடம் திட்டு வாங்கியவள் விடுதிக் குழாயடியில் துணி அலசிக்கொண்டே காரணம் சொல்லத் தெரியாமல் தேம்பினாள். கைப்பேசி வகுப்பில் ஒரே முகம் இரண்டு கட்டத்தில் தெரிவதைப் பார்த்த பேராசிரியர், யாராவது ஒருவர் ஒலியை அணையுங்கள் என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். குழு கூடி ஆராய்ந்தது. வாசல் வழியாக வராதவர் வந்தவர் ஆகமாட்டார், ஆகவே விதி மீறப்படவில்லை என்று முடிவானது. இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக, மாணவிகள் தங்களிடமிருந்தும் தாங்கள் இரண்டு கை தள்ளியே இருக்க வேண்டும் என்று அடுத்த சுற்றறிக்கை சொன்னது. அதையும் பலகையில் ஒட்டினார்கள்.

காரணம் முதலில் வார்டனுக்குத்தான் புரிந்தது. அறை அறையாக நெற்றி பார்த்துக்கொண்டு போனவள் கறாரின் கட்டில் மட்டும் காலியாகக் கிடப்பதைக் கண்டு நின்றாள். ‘போறேன்’ என்றவள் போய்விட்டாள். ‘போயிட்டு வரேன்’ என்றவர்கள் போய்விட்டு வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ‘வா’ என்று விடை கொடுத்தவள் தான்தான். அந்தக் காலிக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தபோது அவளுக்குத் தன் வீட்டு வாசல் நினைவுக்கு வந்தது. விடுதிக்குக் கிளம்பிய அன்று மகள் வழியை மறித்து, பெத்த பொண்ணை விட அந்தப் பொண்ணுங்கதான் உனக்கு முக்கியமா என்று கேட்டாள். எரிச்சலில் அவள், “ஆமா, முக்கியம்தான். நான் போறேன்” என்று சொல்லிக் கதவை அறைந்துவிட்டு வந்தாள். யாரும் போயிட்டு வா என்று சொல்லவில்லை. அதனால்தான் அவள் வீட்டில் அவள் இல்லை. ஊரான் வீட்டுப் பெண்களெல்லாம் இரண்டு இடத்தில் இருக்க, அவள் மட்டும் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து மகள் தொலைபேசியை எடுத்தால், “அப்பாகிட்ட குடுக்கறேன்” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அந்த மகளே ஒரு நாள் காலையில் கூப்பிட்டாள். “அம்மா, அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது. மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரியில இடம் இல்லையாம், வீட்லயே வச்சுப் பாத்துக்கச் சொல்றாங்க. எனக்கு பயமா இருக்கும்மா. நீ வருவியா?” வார்டன் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் பேசினாள். தாராளமாகப் போகலாம், ஆனால் விதி உங்களுக்கும் விதிதான், போனால் அடுத்த பருவம் வரை வர முடியாது, மாற்று ஆளும் கிடையாது என்றார்கள். விடுதியில் போய்விட்டு வந்தவர்கள் போக, போக்கிடமே இல்லாமல் தங்கிவிட்ட பெண்களும் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு உடம்பு சூடு கண்டிருந்தது. அவர்களை யார் கையில் விடுவது? அவள் தொலைபேசியை வைத்தாள். அப்புறம் மாற்றுத் துணியை ஒரு பையில் திணித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தாள்.

வாசலில் கேள்வி கேட்க ஆள் வேண்டும். தூங்குமூஞ்சி என்று பெயர் வாங்கிய பெண்ணை எழுப்பிக் கூட்டிவந்து வெப்பமானியைக் கையில் கொடுத்தாள். விஷயம் காதோடு காதாகப் பரவி, மற்றவர்களும் இரண்டு கை இடைவெளியில் படிக்கட்டு நெடுக நின்றார்கள். தூங்குமூஞ்சி அவள் நெற்றியைக் குறிபார்த்து, “போறீங்களா, இருக்கீங்களா மேம்?” என்றாள். இத்தனை பேரிடம் கேட்ட கேள்வி, தன்னிடம் வந்தபோது எவ்வளவு கொடியது என்று அவளுக்குத் தெரிந்தது. “போயிட்டு வரேன்” என்றாள். பாதிச் சொல்லில் குரல் உடைந்துவிட்டது. அது கணக்கில் சேருமா சேராதா என்று அவள் பதறுவதற்குள் படிக்கட்டு முழுவதும், “போயிட்டு வாங்க மேம்” என்றது. வார்டன் பையோடு சாலையில் இறங்கி நடந்தாள். வார்டன் வெப்பமானியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, எல்லாரும் வெயிலில் நிற்காமல் உள்ளே போங்கள் என்று விரட்டினாள்.

மகள் கதவைத் திறந்து, கட்டிக்கொள்ள வந்து, பாதியில் நின்றாள். “தள்ளி நில்லு, வெளியிலேருந்து வரேன்” என்றாள் அம்மா. சொன்னவளே அடுத்த நிமிடம் விதியைக் காற்றில் விட்டுவிட்டு அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அதற்குப் பின் வந்த நாட்களில் இங்கே கணவரைக் குப்புறப் படுக்க வைத்து முதுகைத் தடவிக்கொண்டே, அங்கே சூடு கண்ட பெண்களுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள். கணவரின் மூச்சு திணறிய ராத்திரியில் விடுதி நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தூங்குமூஞ்சி தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கணவர் பிழைத்தார். ஆனால் பழையபடி பேருந்து ஓட்ட முடியவில்லை, மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். அடுத்த பருவம் தொடங்கியது. ஊரிலிருந்து பெட்டியோடு வந்தவளுக்குக் கட்டிலில் இருந்தவள் நகர்ந்து இடம் கொடுத்தாள். விடிந்தபோது ஒருத்திதான் எழுந்தாள். வார்டனும் ஒருத்தியாகி, ராத்திரியில் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். இரண்டு இடத்து அலுப்பும் ஒரே உடம்பில் சேர்ந்துகொண்டது, அது கடைசிவரை போகவில்லை.

மறு வருடம் மகளுக்கு வெளியூர்க் கல்லூரியில் இடம் கிடைத்தது. தொற்று மறுபடி தலைதூக்கியிருந்த நேரம். அந்தக் கல்லூரியிலும் அதே விதிதான், வந்தவர் பருவம் முடியும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது. கிளம்புகிற அன்று அம்மாவுக்கும் மகளுக்கும் பெட்டியில் எதை வைப்பது என்பதில் காலையிலிருந்தே சண்டை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மகள் செருப்பை மாட்டினாள். வெளியே வண்டிக்காரர் ஒலிப்பான் அடித்தார். அம்மா கதவில் கை வைத்தபடி, வாயைத் திறக்காமல், மகளின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மகள் படி இறங்கி, நின்று, திரும்பினாள். “போயிட்டு வரேம்மா.” அம்மா, “போயிட்டு வா” என்றாள். அப்பா உள்ளேயிருந்து, தன் பங்குக்கு, மூச்சு விட்டு மூச்சு விட்டு அதையே சொன்னார்.

வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு அம்மா உள்ளே வந்து வீட்டைப் பெருக்கினாள், துணி மடித்தாள், சமைத்தாள். ராத்திரி மூன்று தட்டு எடுத்து வைத்தாள். மகள் வந்து உட்கார்ந்து முதல் வாயை மென்றுவிட்டு, “உப்பு கம்மிம்மா” என்றாள்.