மேசைமேல் மிதந்த ஊசி

ஆலைகள் நிறைந்த புறநகரான லைங் தாயாவில் என் தங்கை லத்தீபாவும் மச்சான் சுலைமானும் தங்கள் வீட்டு மாடியைத் தையல் ஆலைத் தொழிலாளர்கள் தொழுவதற்காக விட்டார்கள். மக்கா இருக்கும் திசையை, கிப்லாவைக் குறித்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் நகரத்து நடுவே, பபேடானில் கடிகாரம் பழுது பார்ப்பவன். மச்சான் திசை பார்க்கக் கைபேசியை எடுத்தார்; உள்ளே வைக்கச் சொன்னேன்.

காந்தத்தில் ஒரே பக்கமாக முப்பது முறை தேய்த்த ஊசியைத் தக்கையில் குத்தி, மேசைமேல் வைத்த கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டேன். அது மெல்லத் திரும்பி நின்றது. அதை வடக்கென்று கொண்டு, மேற்குக்குக் கொஞ்சம் வடக்கே மக்கா என்று கணக்கிட்டு, ஜன்னலைக் காட்டினேன்.

“ஆயிரம் வருசத்துக்கு முந்தி சீனக்காரன் பண்ணுனது. இரும்புத் தகட்டை மீனா வெட்டி, பழுக்கக் காய்ச்சி, வடக்கு தெற்கா பிடிச்சுத் தண்ணியில முக்குவான். ஆறும்போது பூமியோட காந்தம் அதுல தங்கிடும். அப்புறம் தண்ணியில மிதக்கவிட்டா அந்த மீன் தானா தெற்கைக் காட்டும்.”

மாடியே நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தது. லத்தீபா மட்டும் கிண்ணத்தைப் பார்த்தாள்.

“காக்கா, பொழுது தண்ணித் தொட்டிப் பக்கமில்ல அடையுது? உங்க கணக்கு ஜன்னலுக்குப் போகுதே.”

“பொழுது மாசாமாசம் இடம் மாறும். ஊசி மாறாது. நீ போய் டீ போடு.”

எல்லாரும் சிரித்தார்கள். வரிசைக் கோடாகத் தரையில் டேப் ஒட்டினேன்.

ஆறு மாதம் கழித்து, மார்ச் இருபத்தொன்றாம் தேதி, அங்கே மின்விசிறி பார்க்கப் போனேன். சூரியன் நேர் மேற்கில் மறையும் நாள். மஃரிபுக்காக, அந்தித் தொழுகைக்காக வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களின் முகத்தில் விழவேண்டிய வெயில் இடது காதில் விழுந்தது.

அன்று கிண்ணம் வைத்த மேசையைக் குனிந்து பார்த்தேன். பழைய தையல் மெஷின் மேசை. பலகைக்கு அடியில் முழுக்க இரும்பு. பக்கத்தில் இரும்பு இருந்தால் ஊசி அதன் பேச்சைத்தான் கேட்கும்.

“மச்சான், கிப்லா போட்டவரு நீங்க,” என்றார் சுலைமான். “இன்னிக்கு நீங்களே முன்னால நின்னு தொழ வைங்க.”

தொழுகைக்கு அழைக்கும் பாங்குக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

“கோடு தப்பு,” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன்.

சுலைமான் குனிந்து டேப்பைப் பார்த்தார். பிறகு, “தெரியாம தொழுதது கூடிடும், மச்சான், குத்தமில்ல,” என்றார்.

அவர்களுக்குத் தெரியாது. எனக்கு ஒருத்தி சொல்லியிருந்தாள்.

மண்டியிட்டு டேப்பை உரித்தேன். ஆறு மாதம் மிதிபட்ட பசை நகத்துக்கு வரவில்லை. நாற்பது பேர் எழுந்து ஒதுங்கி நின்றார்கள். லத்தீபா புது டேப்போடு வந்து மறுமுனையைப் பிடித்தாள்.

“தொட்டிக்கு நேராவா, தள்ளியா? சொல்லுங்க காக்கா. உங்களுக்குத்தானே தெரியும்.”

“கொஞ்சம் வடக்கே,” என்றேன், தரையைப் பார்த்து.