தூண்டில்காரனின் முதுகு

படம் வந்தபோது ஸல்ஹா தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். ‘புது ஆள். நேத்துத்தான் கண்டன்’ என்று அதன் கீழே ஸஜ்ஜாத் எழுதியிருந்தான். ஈரக் கையை உடுப்பில் துடைத்துவிட்டு ஆசையோடு போனை எடுத்தாள். பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய தவளை. சிவப்பென்றால் அப்படியொரு சிவப்பு. முதுகிலே கறுப்பாக ஒரு தூண்டில் கொக்கி, அதன் முனைக்குப் பக்கத்தில் இரை மாட்டியதுபோல் ஒரு பொட்டு. ஸல்ஹாவின் ஆசை அந்தப் பொட்டிலேயே நின்றுவிட்டது.

இவனை அவளுக்குத் தெரியும். முன்னொரு தடவை இவனை வரைந்து, ‘தூண்டில்காரன்’ என்று பெயரும் வைத்தவள் அவள்தான். அப்போது கொக்கி இடது காலைப் பார்த்து வளைந்திருந்தது. இப்போது வலது காலைப் பார்த்து வளைந்திருக்கிறது. நினைத்த நேரம் முதுகைக் கழற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளத் தவளையால் முடியாது. யாரோ படத்தை இடம்வலமாகப் புரட்டியிருக்கிறார்கள். அந்தத் தவளைக்கும் இந்தப் போனுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆள். அவன் அவளுடைய மாப்பிள்ளை.

மாப்பிள்ளை என்றாலும் பாதி மாப்பிள்ளைதான். பள்ளிவாசலில் காவின் எழுதியாகிவிட்டது. அல்லாஹ்வின் கணக்கிலும் சட்டத்தின் கணக்கிலும் அவர்கள் கணவன் மனைவி. கிண்ணியாவின் கணக்கில் இன்னும் இல்லை. இந்த ஊரில் பெண் கணவன் வீட்டுக்குப் போவதில்லை. பெண்ணுக்கு வீடு கட்டி, அதை அவள் பெயரிலேயே எழுதி, கல்யாணத்தன்று மாப்பிள்ளையை அங்கே அழைத்து வருவார்கள். அவன் வந்து ஏறும்வரை யாரும் அதை முடிந்த கல்யாணமாக எடுத்துக்கொள்வதில்லை. ஸல்ஹாவின் வாப்பா அலியார், துறைமுகத்துக் கப்பல்கள் ஜன்னலில் தெரியும்படி மேல்மாடி எடுத்துக் கட்டியிருந்தார். அங்கே அலுமாரி இருந்தது, கண்ணாடி இருந்தது, பொலித்தீன் உறை கழற்றாத கட்டில் இருந்தது. மாப்பிள்ளைதான் கொலம்பியாவில் இருந்தான்.

காவின் எழுதிய கிழமையே ஸஜ்ஜாத் தவளை ஆராய்ச்சிக்கென்று பறந்துவிட்டான். பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போடவைக்கும் கலாநிதிப் பட்டத்தோடு வந்து இறங்கியதும் கல்யாணம் என்று பேச்சு. அலியாருக்குக் கலாநிதி என்ற சொல் வாயில் நிற்கவில்லை, ‘டொக்டர் மாப்பிள்ளை’ என்று ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டார். இதனால் அக்கம்பக்கத்துச் சீனி வருத்தக்காரர்கள் சிலர் ஸல்ஹாவைவிட ஆவலாக அவன் வரவைப் பார்த்திருந்தார்கள். “மாப்பிள்ளை எப்ப வாறார்?” என்ற கேள்வி கடைத்தெருவில் அவளுக்கு ஸலாம் சொல்வதற்கும் முன்னால் வந்தது.

போன புதிதில் அவன் மூச்சு விடாமல் தவளை புராணம் சொல்வான். நச்சு அம்புத் தவளைகள். அங்கே காட்டில் வாழும் மக்கள் சில தவளை இனங்களின் முதுகில் அம்பு நுனியைத் தேய்த்து வேட்டைக்குப் போவார்களாம். மஞ்சள், நீலம், சிவப்பு என்று அத்தனை நிறமும் அழகு காட்டுவதற்கல்ல, தின்ன வருகிறவனை எட்ட நிற்கச் சொல்வதற்காம். நஞ்சும் பிறவியில் வருவதில்லை, காட்டு எறும்புகளைத் தின்று தின்று சேர்வதாம். கண்ணாடிப் பெட்டியில் வைத்து வேறு தீனி போட்டால் நிறம் இருக்கும், நஞ்சு இருக்காதாம். ஸல்ஹாவுக்குப் பிடித்தது வேறொன்று. அவன் ஆராய்ந்த இனத்தில் தகப்பன்தான் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு தண்ணீர் தேடி மரமேறும். அதை இரண்டு மூன்று தடவை கேட்டுச் சிரித்திருக்கிறாள்.

அந்த இனம் ஒரேயொரு மலைச்சரிவில் மட்டும் இருந்தது. ஆளுக்கு ஆள் முதுகுக் கோலம் வேறு. ஆராய்ச்சிக்காரர்கள் அதை வைத்துத்தான் எது எந்தத் தவளை என்று அடையாளம் பிடிப்பார்கள். ஈரத்தோல் மினுங்கிப் படங்கள் சரியாக விழாததால், பார்த்து வரைய ஆள் தேவைப்பட்டது. “என்ட மனைவி சித்திர டீச்சர்” என்று ஸஜ்ஜாத் சொன்னான். அந்த ‘என்ட மனைவி’ என்ற சொல்லுக்காகவே ஸல்ஹா எத்தனை தவளை வேண்டுமானாலும் வரைந்திருப்பாள்.

முதல் படத்தை முழுத் தவளையாகத்தான் வரைந்தாள். உம்மா நஜ்முன் நிஸா பார்த்த மாத்திரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“உசிருள்ளத்தக் கீறிச் சுவத்துல தொங்கப் போட்டா, மலக்குமார் எப்பிடிப் புள்ள வீட்டுக்குள்ள வாற? அது முழுசிப் பாக்கிற பார்வையப் பாரு!”

அன்றிலிருந்து ஸல்ஹா கண்ணையும் காலையும் விட்டுவிட்டு முதுகை மட்டும் வரைந்தாள். தையற்காரர் வெட்டி விரித்த துணிபோல் ஒரு தாளில் ஒரு முதுகு. உம்மாவுக்கு ஆறுதல், ஒரு கோலத்தைத் தலையணை உறையில் தைத்தும் கொண்டார். அங்கே ஆராய்ச்சிக்காரர்களுக்கும் அது பிடித்துப்போயிற்று, ஒப்பிட்டுப் பார்க்க லேசாம். வானவர்களான மலக்குமாருக்கும் விஞ்ஞானிகளுக்கும் ஒரே வேலையில் திருப்தி கொடுத்தவள் கிண்ணியாவில் ஸல்ஹா ஒருத்தியாகத்தான் இருப்பாள். காவின் எழுதிய மனிதனின் முதுகை அவள் இன்னும் பார்த்ததில்லை. அவன் அனுப்பிய தவளைகளின் முதுகு அத்தனையும் அவளுக்கு மனப்பாடம்.

அவள் பழைய தாள்களை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்குப் போனாள். ஒவ்வொன்றாக அலுமாரிக் கண்ணாடியின் முன் பிடித்து, கண்ணாடியில் தெரிந்ததைப் போனில் இருந்த படத்தோடு ஒப்பிட்டாள். போன மாதம் வந்த ‘புது ஆள்’ கண்ணாடிக்குள் இருந்தான். அதற்கு முந்தியவனும் இருந்தான். படங்களில் முன்பெல்லாம் தவளைக்குப் பக்கத்தில் அளவு காட்ட ஓர் அடிமட்டம் கிடக்கும், இலக்கங்கள் தெரியும். கொஞ்ச காலமாக அதை வெட்டிவிட்டு அனுப்புகிறான். இலக்கம் இடம்வலம் மாறித் தெரிந்தால் பிடிபட்டுவிடுவான் அல்லவா? கெட்டிக்காரன். அவள் பார்க்கிற பார்வையை மட்டும் அந்தக் கெட்டிக்காரன் கணக்கில் எடுக்கவில்லை.

அவள் மனம் முதலில் போன இடம் எல்லார் மனமும் போகிற இடம்தான். அங்கே ஒருத்தி இருக்கிறாள். ஸல்ஹா கட்டில் விளிம்பில், பொலித்தீன் சரசரக்க உட்கார்ந்து அழுதாள். அழுது முடிந்து மூக்கைச் சிந்தும்போதுதான் யோசனை தெளிந்தது. வேறொருத்தி கிடைத்தவன் கிழமைக்குக் கிழமை உட்கார்ந்து தவளை புரட்டிக்கொண்டிருக்க மாட்டான். விட்டுவிட்டுப் போகிறவன் சுகமாகப் போய்விடுவான். இவன் பாடுபட்டுப் பொய் சொல்கிறான்.

‘அங்க மழையா?’ என்று எழுதினாள்.

‘கொட்டுது.’

‘காட்டுக்குள்ளயா நிக்கிறீங்க?’

பதில் வரச் சுணங்கியது. ‘வேற எங்க’ என்று வந்தது.

கீழே உம்மா கேட்டார். “என்னவாம் மாப்பிள்ளை?”

“புதுத் தவளையாம்.”

“அல்லாஹ்வே! நம்மட கிணத்தடியில இல்லாத தவளையா? ஒண்ட ரெண்ட இஞ்ச வந்து ஆராய்ச்சி பண்ணினா என்னவாம்?”

உம்மா சொன்னது பகிடிக்கு. ஸல்ஹாவுக்கு அது நெஞ்சில் போய்க் குத்தியது. வரட்டுமே! கிணற்றடித் தவளையோ கடற்கரை நண்டோ, எதையாவது பார்த்துக்கொண்டு இருக்கட்டுமே. அவன் படியேறி வரும் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது. ஆணத்தில் உப்புக் கூடிவிட்டது என்று அவன் முகம் சுளிப்பதும், அதற்காக அவள் சண்டை பிடிப்பதும், இரவுக்குள் அது ஆறிப்போவதும் வேண்டியிருந்தது. ஊரில் எல்லாப் பெண்களும் அலுத்துக்கொள்கிற அந்த அலுப்புக்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

பொய்யைச் சொல்லிக் காட்டினால் வெட்கத்தில் ஒரேயடியாக மறைந்துவிடுவான் என்று பயந்தாள். சொல்லாமல் விட்டால் அவன் புரட்டிக்கொண்டே இருப்பான், இவள் வரைந்துகொண்டே இருப்பாள், இருவருக்கும் தலை நரைத்துவிடும். பயத்தோடுதான் புதுத் தாள் எடுத்தாள். தூண்டில்காரனை, கொக்கி இடது காலைப் பார்க்க, இருந்தபடியே வரைந்தாள். அடியில் ‘தூண்டில்காரன்’ என்று எழுதி, படமெடுத்து ஸஜ்ஜாத்துக்கு அனுப்பினாள்.

பார்த்துவிட்டான் என்று போன் காட்டியது. பதில் இல்லை.

வெள்ளிக்கிழமை வழக்கமாக வரும் படமும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூச்சாடி வரையச் சொல்லிவிட்டு மேசைக்கடியில் போனைப் பார்த்தாள். வர்ணம் வாங்கத் திருகோணமலைக்குப் போனபோது, பஸ் கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நிற்பது தெரிந்தது. எந்த நாட்டிலிருந்தோ எதையோ ஏற்றிக்கொண்டு ஒழுங்காக வந்து சேர்ந்திருக்கிறது. கப்பல்மேல் அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது. கையில் இருந்த ஒரே நூலையும் தானே வெட்டிவிட்டேன் என்று நினைத்து, வாங்கப் போன சிவப்பை வாங்காமலே திரும்பினாள்.

பிறகு ஒரு நாள், மஃரிபுத் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் கொஞ்சம் முன்னால், போன் அடித்தது. மேல்மாடிக்கு ஓடிப்போய் எடுத்தாள்.

“ஸல்ஹா.”

“ம்.”

“எப்ப கண்டுபுடிச்ச?”

“பாத்த ஒடன.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான். கண்ணாடிக்கு முன்னால புடிச்சிப் பாத்தன்.”

அவன் பக்கம் பீங்கான்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன.

“அது என்ன சத்தம் மச்சான்?”

“கோப்பை. ஒரு ஹோட்டல் குசினியில நிக்கிறன். கோப்பை கழுவுறன்.”

“அப்ப, தவளையெல்லாம்?”

“ஒண்டும் இல்ல, ஸல்ஹா.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “பங்கசு எண்டு ஒரு பூஞ்சண வருத்தம் வந்திச்சு. தோலத்தான் புடிக்கிற. அதுகள் தோலாலதானே தண்ணி குடிக்கிற. மழை தொடங்கக்குள்ள மலை முழுக்கச் சத்தம். மழை முடியக்குள்ள நானும் மத்தாக்களும் கதைக்கிற சத்தம்தான். மிஞ்சினத்த அள்ளிக் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பாத்தம். அதுகளும் நிக்கல்ல. பொறகு ஆராய்ச்சிய மூடிட்டாங்க. பட்டமும் இல்ல, ஒண்டும் இல்ல.”

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் அவள் கேட்டாள். “தூண்டில்காரன்?”

“அவன நான்தான் எடுத்தன். ஒரு எலைக்கு மேல கிடந்தான். முதுகுல குஞ்சு ரெண்டு. கொண்டு போய்ச் சேக்கல்ல, வழியிலயே…” அதற்குமேல் அவனால் முடியவில்லை. கோப்பைச் சத்தத்தின் நடுவில் ஒரு ஆண் அழுவது அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. “ஒனக்கு என்னத்த அனுப்புற எண்டு யோசிச்சன். ஒரு நாள் சும்மா படத்தப் புரட்டிப் பாத்தன். புதுசா ஒருத்தன் வந்து குந்தினாப்போல இரிந்திச்சு. கொஞ்ச நேரம் நானே நம்பினன் புள்ள.”

தன்னை ஏமாற்றுவதற்காக அவன் அதைச் செய்தான் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். செத்துப்போனவற்றை ஒவ்வொன்றாகத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறான். அவளும் நிறம் தீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அவளுக்கும் கண் நிறைந்தது. தவளைகளுக்காகவா, அவனுக்காகவா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

“வாங்க மச்சான்,” என்றாள்.

“என்ன மூஞ்சோட வாற? வாப்பா ஊரெல்லாம் டொக்டர் எண்டு சொல்லி வெச்சிரிக்கார். வெறுங்கையோட அந்த வீட்டுக்கு எப்பிடி நான்…”

“வீடு வாப்பாட பேர்ல இல்ல, என்ட பேர்ல இரிக்கி. அதுக்குள்ள ஆரு வாற எண்டு நான்தான் சொல்லணும். நான் டொக்டரக் கேக்கல்ல. ஒங்களக் கேக்கிறன்.”

பீங்கான் சத்தம் நின்றுபோயிற்று. அவன் மூச்சு மட்டும் கேட்டது. எத்தனையோ கடல் தாண்டி வருகிற மூச்சு. அவள் போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

“ஓம்,” என்றான் ஸஜ்ஜாத்.

யாரோ அவன் பக்கத்தில் வந்து வேற்று மொழியில் அதட்டினார்கள். தொடர்பு அறுந்தது. பள்ளிவாசலில் பாங்கு தொடங்கியது.

ஸல்ஹா கீழே இறங்கினாள். அலியார் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி வுளூ எடுத்துவிட்டுத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். தொழுது முடியட்டும் என்று பொறுக்க அவளால் ஏலவில்லை.

“வாப்பா, அவரு டொக்டர் இல்ல. தவளையெல்லாம் செத்துட்டு. பட்டமும் இல்ல. ஹோட்டல்ல கோப்பை கழுவுறார். நான் வரச் சொல்லிட்டன். அவரும் ஓம் எண்டுட்டார்.”

உம்மா வாயைப் பொத்திக்கொண்டார். ஊர் என்ன சொல்லும் என்று வாப்பா கேட்டால் ஒரு பதிலும், ஏன் மறைத்தான் என்று கேட்டால் ஒரு பதிலும், உனக்கு வேறு ஆளா கிடைக்காது என்று கேட்டால் ஒரு பதிலும் படியிறங்கும்போதே ஸல்ஹா எடுத்து வைத்திருந்தாள். அலியார் தாடியில் சொட்டிய தண்ணீரைத் துடைக்காமல் மகளின் முகத்தையே பார்த்தபடி நின்றார். அழுத கண்ணையும் பார்த்தார்.

“எப்ப வாறாராம்?” என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எடுத்து வைக்காமல் இறங்கி வந்திருந்த ஸல்ஹா, மறுபடியும் போனை எடுத்தாள்.