திருடாத கோழி

ரயில்வே ஒர்க்ஷாப்பில் காலைச் சங்கு ஊதி, என் வீட்டுக்காரர் கிளமென்ட்டின் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் எனக்கு அது தொடங்கிவிடும். அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை தெரியாது. காய்ச்சல் என்றால் நெற்றி சுடும், பல்வலி என்றால் கன்னம் வீங்கும். இது வெளியே ஒன்றும் காட்டாது. சும்மா வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.

நானும் உட்கார்ந்துவிட்டால் அவ்வளவுதான் என்று எழுந்து நடப்பேன். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீடு ஒன்றரை அறை. எவ்வளவு தூரம்தான் நடப்பது? டிரங்குப் பெட்டியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போடுவேன், மறுபடி பழைய இடத்துக்கே தள்ளுவேன். பெரியவள் பேட்ரிசியா ஸ்கூலுக்குப் போய்விடுவாள். ஒன்றரை வயது விக்டர் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே அலைவான். ஒருநாள் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வரை போனேன். அங்கே எனக்கு யாரும் இல்லை, வேலையும் இல்லை. அதே பஸ்ஸில் திரும்பி வந்தேன். காவிரிப் பாலத்தில் கண்டக்டர், "எங்கம்மா போகணும் உங்களுக்கு?" என்று கேட்டார். தெரிந்தால் சொல்லமாட்டேனா?

அம்மாவிடம் ஒருமுறை வாயைத் திறந்தேன். குடிக்காத புருஷன், ரயில்வே வீடு, பெண்ணொன்று ஆணொன்று, உனக்கு என்னடி குறை என்றாள். குறை இருப்பவர்கள்தான் அழலாம் என்று சட்டம் போலிருக்கிறது. கிளமென்ட்டிடம் சொல்லத் துணியவில்லை. தன்னிடம்தான் ஏதோ தப்பு என்று அந்த மனிதர் உடைந்துபோவார். நல்லவரைக் கட்டிக்கொண்டதில் இப்படி ஒரு தொல்லை உண்டு.

கடைசியில் மாதா கோயிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். வலைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார், "மனசு சரியில்லைங்கிறது பாவமில்லம்மா. பாவத்தைச் சொல்லு, பின்னால ஆளு நிக்குறாங்க" என்றார். அதுவும் நியாயம்தான்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி போய் முழந்தாளிட்டேன். தண்டனை ஏதாவது கிடைத்தால் தேவலை என்றிருந்தது. செய்த குற்றத்துக்குத்தான் இப்படி வருகிறது என்று இருந்தால், தீர்த்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் அல்லவா? கொலை என்று சொல்ல முடியாது. புருஷனுக்குத் துரோகம் என்று சொல்ல நாக்கு வராது. "சாமி, பக்கத்து வீட்டுக் கோழியைத் திருடிட்டேன்" என்றேன். பக்கத்து வீட்டு வேலம்மாளின் கோழி போன மாதம் காணாமல் போனது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

அருள் நிறைந்த மந்திரம் பத்துச் சொல்லச் சொல்வார் என்று நினைத்தேன். அவரோ, "திருடுனதைத் திருப்பிக் கொடுக்காம மன்னிப்பு இல்ல. இன்னைக்கே ஒரு கோழி கொண்டுபோய்க் கொடு. கொடுத்துட்டு நாளைக்கு நன்மை வாங்கு" என்று அபராதம் போட்டுவிட்டார். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நன்மை அப்பத்தை வாங்காமல் இருந்தால் கிளமென்ட் ஏன் என்று கேட்பார். கேட்டால் எல்லாம் வெளியே வரும்.

வீட்டுக்கு வந்ததும் என் கோழிகளில் ஒன்றைத் துரத்திப் பிடித்தேன். ஒரு கையில் கோழி, இடுப்பில் விக்டர், வேலம்மாள் வாசலில் போய் நின்றேன்.

"வேலம்மா, உன் கோழியை நான்தான் எடுத்துட்டேன். இந்தா, பதிலுக்கு."

அவள் என்னைவிட இரண்டு வயது சின்னவள். கோழியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என் கோழியைக் கீரி இழுத்துக்கிட்டுப் போனதை நான் நின்னு பாத்தேங்க்கா. நீங்க ஏன் இப்படிச் சொல்றீங்க?"

"வாங்கிக்கயேன். சாமியார் கொடுக்கச் சொல்லியிருக்காரு."

"திருடாத கோழியையா?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பஸ், டிரங்குப் பெட்டி, பொய்ப் பாவம் எல்லாவற்றையும் சொன்னேன். கோழி எப்போது கையை விட்டுப் போனது என்றே தெரியாது.

வேலம்மாள் விக்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ரெண்டாவது பொறந்த வருஷம், பேய் புடிச்சிருக்குன்னு தொட்டியத்துல எங்க பூசாரிகிட்ட கூட்டிட்டுப் போனாங்க. வேப்பிலையால அடிச்சு, யாரு நீன்னு கேட்டாரு. கெணத்துல விழுந்து செத்த ஒரு பொண்ணு பேரைச் சொல்லிட்டேன்."

"நெசமாவே பேயா?"

"பேயுமில்ல ஒண்ணுமில்லக்கா. நான்தான். சும்மா அழுவுறேன்னு சொன்னா விடுவாங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லாரும் நன்மை வாங்க எழுந்தார்கள். பாவசங்கீர்த்தனத்தில் பொய் சொல்லிவிட்டு எப்படி நாக்கை நீட்டுவது? முழந்தாளிலேயே இருந்தேன். ஆண்கள் பக்கமிருந்து கிளமென்ட் பார்த்தது தெரிந்தது.

திரும்பி வரும்போது பேட்ரிசியா முன்னால் ஓடினாள். விக்டரை சைக்கிள் பாரில் உட்காரவைத்து அவர் தள்ளிக்கொண்டு வந்தார்.

"நேத்து பாவசங்கீர்த்தனம் பண்ணினியே மேரி, அப்புறம் என்ன?"

இன்னொரு பொய் கைவசம் இருந்தது. தலைவலி என்றால் நம்பிவிடுவார். ஆனால் சலித்துவிட்டது. கோழிக் கதையைச் சொன்னேன், ஸ்ரீரங்கம் போனதைச் சொன்னேன். "உங்க மேல ஒரு குத்தமும் இல்லைங்க. ஏன் அழுவுறேன்னு எனக்கே தெரியல" என்றேன்.

அவர் நின்றுவிட்டார். முகத்தைப் பார்க்கப் பயந்து சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எத்தனை நாளா?"

"இவன் பொறந்ததுலேர்ந்து."

அவர் விக்டரின் தலையைப் பார்த்தார்.

"அத்தனை நாளும் தனியாவா இருந்தே?" என்றார்.

நடுரோட்டில், தலையில் முக்காட்டோடு, வாய்விட்டு அழுதேன். பூசை முடிந்து போகிற எல்லாரும் பார்த்தார்கள். அவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, நான் அழுது முடிக்கும்வரை என் பக்கத்திலேயே நின்றார்.