வாசம் மாறின கொத்தமல்லி

முப்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் அப்துல் ஜப்பார் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றி காசிம் பீவி பார்த்ததில்லை. கள்ளக்குறிச்சியில் ஜவுளிக்கடை, கடை விட்டால் பள்ளிவாசல், அதை விட்டால் வீடு என்று இருந்த மனுஷன், கார்த்திகை பிறந்ததும் மொட்டைமாடியில் எட்டுத் தொட்டி வைத்தார். மேலே பச்சை வலை கட்டினார். ஏதோ விதையை வெந்நீரில் ஊறப்போட்டு விதைத்தார்.

"இன்னா அது?" என்றாள்.

"கொத்தமல்லி."

கொத்தமல்லி பத்து நாளில் தலைகாட்டிவிடும். இது மூன்று வாரமாகியும் வெறும் மண்ணாகவே கிடந்தது. ஒருவழியாக முளைத்து வந்ததும் இலை என்னவோ கொத்தமல்லி மாதிரிதான் இருந்தது. ஆனால் தடிமன் ஜாஸ்தி. கிள்ளி முகர்ந்தால் கேரட் தழையைக் கசக்கினாற்போல் ஒரு வாசம்.

ஒருநாள் அவர் இல்லாத நேரத்தில் இரண்டு கொத்துப் பறித்து ரசத்தில் போட்டு, அவர் சாப்பிடும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் வாய் வைத்ததும் அவர் கை ஒரு கணம் நின்றது. பிறகு தலை நிமிராமல் மொத்தத்தையும் சாப்பிட்டார். ஒளிக்க ஒன்றுமில்லாதவன் 'இன்னா ரசம் இது' என்று கேட்டிருப்பானே!

தழை வளர்ந்ததும் வெள்ளிக்கிழமைப் பயணம் ஆரம்பித்தது. ஜும்மா முடிந்து வந்ததும் கத்தரிக்கோலால் வெளித்தண்டாகப் பார்த்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றி, ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மலைக்குப் போவார். கேட்டால், கரியாலூரில் ஒரு பார்ட்டி துணி எடுக்கிறார்கள் என்பார். பொழுது சாய்ந்து வந்தால் சாப்பாடு வேண்டாம் என்பார்.

அடுத்த வீட்டு ராஜாம்பாளிடம் ஒரு தழையைக் காட்டினாள். "மலையில இன்னான்னமோ வளக்கறாங்கன்னு போலீஸ் புடிக்குதேக்கா. பாத்துக்கோங்க" என்றாள் அவள். காசிம் பீவியின் பயம் அதுவல்ல. வெள்ளிக்கிழமை தோறும் யாரோ ஒருத்தி இவருக்கு வயிறு நிறையச் சோறு போடுகிறாள்.

மாசியின் கடைசி வெள்ளியன்று ஜப்பார் ஸ்கூட்டரை எடுத்தபோது அவள் புர்கா போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க வர்ற?"

"உங்க பார்ட்டியப் பாக்கத்தான்."

இறங்கு என்பார் என்று நினைத்தாள். அவர் ஒரு பெருமூச்சு விட்டு வண்டியைக் கிளப்பினார். கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவுக்கும் அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள்.

கரியாலூரில் ஓட்டுவீடு ஒன்றின் முன் வண்டி நின்றது. வாசலில் ஒரு ஆள் இடது கையால் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தான். வலது கை மடியில் செத்துக் கிடந்தது. தாடி முழுக்க நரை. நிமிர்ந்தவன் கையிலிருந்து கத்தி விழுந்தது.

"அக்கா…"

அவள் தம்பி சுபைர். பதினொரு வருஷத்துக்கு முன் அம்மா மௌத்தானபோது சவூதியிலிருந்து வரவுமில்லை, ஒரு போன்கூடப் பண்ணவுமில்லை. இனி அவன் பேரை யாரும் இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று அன்றைக்குச் சொன்னவள் அவள்தான்.

"பக்கவாதம் வந்து அனுப்பிட்டானுங்க" என்றார் ஜப்பார் மெதுவாக. "ஊருக்கு வர வெக்கப்பட்டுக்கினு இங்க கெடக்கறான். அங்க ஓட்டல்ல சமையக்காரன். நாக்குல ருசியே தெரியலியாம். பார்ஸ்லின்னு அந்த ஊரு தழை, அது மட்டும் கொஞ்சம் தெரியுதுன்னு வெத குடுத்தான். இவனால தொட்டி தூக்க முடியாது, தண்ணி ஊத்த முடியாது."

காசிம் பீவி தம்பியையே பார்த்தாள். "அம்மா கடைசி வரைக்கும் உன்னத்தான் கேட்டுக்கினு இருந்துச்சி."

"பாஸ்போர்ட்ட மொதலாளி புடிங்கி வச்சிக்கினான்க்கா. வர முடியலன்னு இன்னா மூஞ்சிய வச்சிக்கினு சொல்றது?"

பொய்யா என்று அவன் கண்ணில் வெகுநேரம் தேடினாள். அவன் அழுதான். கோணிய வாயால் அழுகையும் ஒருபக்கமாகவே வந்தது.

அவள் கத்தியை எடுத்துக் கழுவினாள். அவன் சொல்லச் சொல்ல, சவூதிப் பக்குவத்தில் பார்ஸ்லியைப் பொடிப்பொடியாக நறுக்கி, தக்காளியும் வெங்காயமும் ஊறிய கோதுமை ரவையும் சேர்த்து எலுமிச்சை பிழிந்தாள். ஒரு வாய் அவனுக்கு ஊட்டினாள்.

"தெரியுதா?"

"கொஞ்சம்."

வெயில் இறங்கியதும் ஜப்பார் சாவியை எடுத்தார். "நீங்க போங்க, நா நாளிக்கி பஸ்ல வர்றேன்" என்றவள், வண்டி வரைக்கும் கூடவே வந்தாள்.

"வேற எதுனா ஒளிச்சி வச்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"இல்ல."

அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வழிவிட்டாள்.