அவன் பெயரை எடுத்துவிடுங்கள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நகரசபைக் கூட்டம் முடிந்து நேராகக் காரில் ஏறினேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

இந்தியானாவின் சோளக்காடுகளுக்கு நடுவே அமைதியான ஒரு சிற்றூரில்...

[அடித்துவிட்டேன். அமைதியான ஊர் என்று எழுதினால் நானும் மேயர் கட்சி ஆகிவிடுவேன்.]

எர்னஸ்டீன் துணிச்சலான பெண்...

[இதுவும் வேண்டாம். நீங்கள் பாராட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவீர்கள்.]

நடந்ததையே சொல்கிறேன். எர்னஸ்டீனும் தமிழ்நாட்டிலிருந்து வந்த நானும் டயாலிசிஸ் நிலையத்தில் பல வருடமாக ஒன்றாக வேலை பார்க்கும் நர்ஸுகள். இந்த ஊரின் சொற்பக் கறுப்பினக் குடும்பங்களில் அவளுடையது ஒன்று. போன மாதம், இரும்புக்கடை வாசலில் பெயின்ட் டப்பாக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த அவள் தம்பியை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். முன்பின் பார்த்திராதவன். கறுப்பர்களை ஒழித்தால்தான் வெள்ளையினம் பிழைக்கும் என்று அன்று காலையில்தான் இணையத்தில் எழுதிவைத்திருந்தான். போலீஸே அதைப் பத்திரிகையாளர்களிடம் படித்துக் காட்டியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

(அவனுடைய சிறு வயதைப் பற்றி ஒரு பத்தி எழுதலாமே என்று எனக்குள் இருக்கும் எழுத்தாளர் கேட்கிறார். முடியாது. தொலைக்காட்சிக்காரர்கள் ஏற்கனவே அழகாக எழுதிவிட்டார்கள்.)

2

ஜோய்ஸ் பிக்ஸ்லர் என்ற உறுப்பினர் ஓர் இரங்கல் தீர்மானம் எழுதி வந்திருந்தார். 'வெள்ளை இனவெறியன் ஒருவன் நம் சகோதரரைக் கொன்றான். அந்த வெறியை இந்தச் சபை கண்டிக்கிறது' என்று தொடங்கியது. இன்னொரு உறுப்பினரும் வீட்டுத் தரகருமான டேல் ஹாஸ்டெட்லர் கை தூக்கினார்.

"அந்த வார்த்தை வேணாமே ஜோய்ஸ். நாளைக்கு பேப்பர்ல வரும். அப்புறம் எவன் இங்க வந்து வீடு வாங்குவான்?"

"நடந்தது அதானே, டேல்?"

"'எல்லா வகையான வெறுப்பையும் கண்டிக்கிறோம்'னு போடு. அதுக்குள்ள எல்லாம் அடங்கிடும்."

"எல்லா வகையும் வந்து அவனச் சுடல," என்றாள் எர்னஸ்டீன், பின்வரிசையிலிருந்து. "ஒரே வகைதான் சுட்டுச்சு."

மேயர் கெப்லர் சுத்தியலைத் தட்டினார். "மேடம், உங்க துக்கம் எங்களுக்குப் புரியுது. உங்களுக்குப் பேச நேரம் வரும்."

திருத்தம் ஆரம்பித்தது. 'வெள்ளை இனவெறியன்' போய் 'தீவிரவாதி' வந்தான். அது ஏதோ வெளிநாட்டு விவகாரம் மாதிரி இருக்கிறதே என்றார் ஒருவர். 'மனநிலை பாதிக்கப்பட்ட தனிநபர்' ஆனான். நோயாளிகள் மனம் புண்படும் என்றார் இன்னொருவர். கடைசியில் அவள் தம்பி பெயருக்கு முன்னால் 'ஒரு துயரச் சம்பவத்தில் உயிர்நீத்த' என்று நின்றது. கொன்றவனைக் காணோம். கொலையையும் காணோம். செத்தவன் மட்டும் மிச்சம்.*

* இந்த வித்தை எழுதுகிறவர்களுக்குத் தெரியும். 'கொன்றான்' என்பதைக் 'கொல்லப்பட்டார்' ஆக்கினால் ஆள் மறைந்துவிடுவான். இலக்கணத்தில் இதற்குச் செயப்பாட்டுவினை என்று பெயர். எங்கள் ஊரில் நல்லிணக்கம் என்கிறார்கள்.

3

எர்னஸ்டீனின் முறை வந்தது. மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினாள்.

"டேல், உங்கம்மாவுக்கு வாரம் மூணு நாள் ஊசி குத்தறவ நான். அவங்களுக்கு என்னன்னு டாக்டர் கேட்டா, 'ஏதோ துயரம்'னு எழுதிக் குடுக்கட்டுமா?"

"இது வேற, எர்னி. எனக்கும் அவன்னா உசுரு. ஸ்கூல்ல ஒரே டீம்ல ஆடினோம்."

"அப்ப அவனக் கொன்னது யாருன்னு சொல்லு."

டேல் தண்ணீரை எடுத்துக் குடித்தார். நிதானமாக, முழுக் குவளையும்.

"சரி. சொல்ல முடியலன்னா என் தம்பி பேரையும் எடுத்துடுங்க."

"மேடம், இது அவருக்கு நாங்க செய்யற மரியாதை," என்றார் மேயர்.

"எதுவோ நடந்து செத்துப்போனவன் இல்ல அவன். எடுங்க. அது எங்கம்மா வச்ச பேரு. இந்தச் சபைக்கு நேந்து வச்சதில்ல."

ஜோய்ஸ் அதையே திருத்தமாக முன்மொழிந்தார். வாக்கெடுப்பு நடந்தது. ஜோய்ஸின் கையோடு இன்னொரு கை மட்டும் உயர்ந்தது. திருத்தம் தோற்றது.

"குடும்பத்தோட உணர்வுகளை மதிக்கிறோம்," என்று சொல்லிவிட்டு மேயர் தீர்மானத்தை வாசித்தார். பெயர் வந்த இடத்தில் குரலை உயர்த்தினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். எர்னஸ்டீன் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

4

முடிவு ஒன்று: கைதட்டலுக்கு நடுவில் டேல் உடைந்து அழுகிறார். அந்த வார்த்தையைச் சொல்லிவிடுகிறார். நன்றாக வந்திருந்தது. வேலை இடைவேளையில் எர்னஸ்டீனுக்குச் சொன்னேன். சாண்ட்விச்சைக் கீழே வைத்தாள்.

"அவன் சொன்னானா?"

"இல்ல. கதைதானே."

"அவன் வாயத் தொறக்காததுக்கு நீ எதுக்கு வசனம் எழுதிக் குடுக்கற? ஓசில நல்லவனாயிடுவான்."

[அடித்தேன்.]

முடிவு இரண்டு: நகரசபை வாசலில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் தீர்மானத்தை அவள் போட்டு உடைக்கிறாள்.

"அதுவும் வேணாம். அப்புறம் நான் கண்ணாடிய உடைச்சதத்தான் ஊரே பேசும். அவன் சுட்டத விட்டுடுவாங்க."

"உன் தம்பி பேரையாவது போடட்டுமா?"

அவள் திருப்பிக் கேட்டாள்: "உங்க ஊர்ல, பொறப்பப் பாத்து ஒருத்தனக் கொன்னா பேப்பர்ல எப்படிப் போடுவாங்க?"

"'இரு தரப்பினரிடையே மோதல், ஒருவர் பலி'ன்னு."

எர்னஸ்டீன் சிரித்தாள். தம்பி போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நல்ல சிரிப்பு இல்லை.

"டேல் அங்கயும் வீடு விக்கறானா?"

5

அதனால் இந்தக் கதைக்கு முடிவில்லை. அவன் பெயரும் இதில் இல்லை, தேடவேண்டாம்.

"உன் ஆளுங்க படிக்கட்டும்," என்றிருக்கிறாள் எர்னஸ்டீன். "அவங்க ஊர்ல கொன்னவன் யாருன்னு மொதல்ல சொல்லட்டும். அப்புறம் எங்கிட்ட வந்து பேர் கேளு."

சொல்லுங்கள்.