இருபத்தொன்பது புள்ளியும் ஒரு படமும்

2025 ஜூன் 19, வியாழக்கிழமை, மாலை 6.50. மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில், காத்தான்குடியைச் சேர்ந்த பக்கீர் (வயது 63) முப்பது புள்ளிகளுக்கான ஞாபகப் பரிசோதனையில் இருபத்தேழு எடுத்தார்.

அவரை அழைத்துவந்தவள் மகள் முப்லிஹா. பக்கீர் பத்தொன்பது வருடங்களாகப் பாடசாலை வேன் ஓட்டுகிறார். இந்த வருடம் பதினான்கு பிள்ளைகள். மே மாதத்தில் இரண்டு தடவை, போன வருடமே பாடசாலையை விட்டு விலகிய ஒரு பிள்ளையின் வீட்டுக்கு முன்னால் வேனை நிறுத்தி ஹோன் அடித்தார். முதல் தடவை அந்த வீட்டார் சிரித்தார்கள். இரண்டாவது தடவை முப்லிஹாவுக்குத் தொலைபேசி எடுத்தார்கள்.

நரம்பியல் டொக்டர் ஆர்த்திகா, களுவாஞ்சிக்குடிக்காரர், கேள்விகளைத் தானே கேட்டார். இன்று என்ன கிழமை? வெள்ளி என்றார் பக்கீர். திகதி? இருபத்துமூன்று. இரண்டுக்கும் டொக்டர் பிழை போட்டார். நினைவில் வைக்கச் சொன்ன மூன்று சொற்களில் ஒன்று வரவில்லை. தலைக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துவரும்படி எழுதிக் கொடுத்தார்.

ஒன்பது நாட்கள் கழித்து, சனிக்கிழமை காலை, படத்துடன் மறுபடியும் வந்தார்கள். காத்திருந்த நேரத்தில் கோப்பிலிருந்த விடைத்தாளை முப்லிஹா வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“என்ன மகள் சிரிப்பு?”

“வியாழக்கிழமய வெள்ளியெண்டு செல்லியிருக்கீங்க, வாப்பா.”

“பொழுது பட்டு மஃரிபு தொழுதிட்டுத்தானே உள்ளுக்குப் போன. அதுக்குப் பிறகென்ன வியாழன்?”

“அப்ப திகதி?”

“ஹஜ்ஜுப் பிறை இருவத்திமூணு. நான் சரியாத்தான் செல்லியிருக்கன். டொக்டர்தான் பெயில்.”

உள்ளே போனதும் இதையே டொக்டரிடமும் சொன்னார். சூரியன் மறைந்தால் தங்களுக்கு அடுத்த நாள் தொடங்கிவிடும், வாப்பா சொன்ன திகதி பிறைக் கணக்கு என்று முப்லிஹா விளக்கினாள். ஆர்த்திகா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து இரண்டு பிழைகளையும் வெட்டினார்.

“இப்ப எத்தின?”

“இருபத்தொன்பது, ஐயா. நல்ல புள்ளி.”

“அப்ப இந்தப் படம் தேவல்லயே. பிழையான புள்ளிக்கு எடுத்த படம்.”

ஆர்த்திகா படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். மூளையின் இரு பக்கமும் இருந்த சிறிய பகுதிகளைத் தொட்டுக் காட்டினார். புதிய விசயங்கள் நினைவில் பதிவது அங்கேதான் என்றார்.

“உங்கட வயசுக்கு இது இவ்வளவு சுருங்கியிருக்கக் கூடாது.”

“பிறக்கக்குள்ளயே சின்னனா இருந்திருக்கும்.”

“இருக்கலாம். ஒரு படத்த வச்சு நோய் வருத்தத்தின்ட பேரச் சொல்லேலாது. டிசம்பர்ல இன்னொண்டு எடுத்து, ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பாக்கவேணும். வருத்தமெண்டாலும் இது ஆகத் தொடக்கம்.”

“அதுவரைக்கும்?”

“வேன் ஓடவேணாம்.”

“இருவத்தொம்பது எடுத்தவன் ஓடக்கூடாதெண்டா, காத்தான்குடியில ஒருத்தரும் ஓடேலாது.”

“வாப்பா, டொக்டரோட வழக்காடாதீங்க.”

“வழக்காடல்ல மகள். கேக்கன்.”

ஆர்த்திகா கோப்பை மூடினார். “அந்த வீட்டுக்கு முன்னால ரெண்டாந்தரமும் ஏன் ஐயா நிப்பாட்டினீங்க?”

பக்கீர் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“புள்ள வரும் எண்டு பாத்துக்கிட்டு இருந்தன்,” என்றார். “மொதல் தரம் நான் அங்க போனதே எனக்குத் தெரியா. மகள் செல்லித்தான் தெரியும்.”

அதற்குப் பிறகு புள்ளியைப் பற்றி அவர் பேசவில்லை. டிசம்பர் ஸ்கேனுக்கு முப்லிஹா பெயர் பதிந்தாள். திரும்பும்போது கல்லடிப் பாலத்தில் வேனை அவளே ஓட்டினாள்.

ஜூன் 30, திங்கட்கிழமை முதல் பதினான்கு பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் நௌஷாட் என்பவரின் வேனில் போகிறார்கள். அதில் இரண்டு இடங்கள்தான் குறைவாக இருந்தன. மற்ற இருவரும் நடந்து போகிறார்கள்.