மக்காத எரு

கோழிப்பண்ணையில் வேலை பார்க்கும் மூத்த மருமகனை மாமனார் ஒருநாளும் மனுஷனாக மதித்ததில்லை. "நாத்தம் குடலைப் புடுங்குது, வாசல்லயே நில்லு" என்பதுதான் வரவேற்பு. பேங்க் மேனேஜரான இளைய மருமகனுக்குப் புல்தரையில் விருந்து என்று முடிவானதும்தான் மூத்தவன் ஞாபகம் வந்தது. புல் வெளுத்துக் கிடந்தது.

"கோழி எரு போட்டா பத்தே நாள்ல பச்சைப்பசேல்னு ஆயிடுமாம். கொண்டா."

மறுநாளே வண்டியில் கொண்டுவந்தான். மேலே இருந்தது, எருக்குழிக்குப் போகவேண்டிய, அன்று காலை கூண்டுக்கடியில் வழித்த ஈர எரு. மாதக்கணக்கில் மக்கவிடாமல் அப்படியே போட்டால் அது புல்லைப் பொசுக்கிவிடும். அதைச் சொல்லத்தான் "மாமா..." என்று ஆரம்பித்தான்.

"வாயைத் திறக்காத. கொட்டிட்டுக் கிளம்பு."

மூடிக்கொண்டான். கொட்டியதோடு விடாமல், ஒரு மூலை பாக்கியில்லாமல் தடிமனாகப் பரப்பியும் விட்டான்.

விருந்தன்று புல்தரை தீய்ந்த சட்டிபோல் கிடந்தது. அழைக்காமலே ஈக்கள் முதலில் வந்திருந்தன. விருந்துக்கு அழைக்கப்படாத மூத்தவனை மாமனார் போனில் பிடித்தார்.

"பாவி, தெரிஞ்சேதான் செஞ்சியா?"

"தெரிஞ்சேதான் மாமா. நல்லா மக்கின எரு அஞ்சு மூட்டை அன்னைக்கு வண்டியிலதான் இருந்துச்சு. நீங்க வாயைத் திறக்காதன்னதும் திருப்பிக் கொண்டு போயிட்டேன்."